மாற்றுச் சாவி

அறைந்த கை இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

பட்டறையில் சத்தம் மொத்தமும் அடங்கிப்போனது. அவரவர் ஸ்க்ரூடிரைவரைப் பிடித்த கையோடு அப்படியே நின்றார்கள்.

"என்னக்கா, ஒரு விளையாட்டுக்குத்தானே..." புது மாப்பிள்ளை கன்னத்தைப் பொத்திக்கொண்டான். கல்யாணமாகி இரண்டு மாதம். வகுப்பில் அவனுக்கு அதுதான் பெயர்.

அவளுக்கு வைத்த பெயர் பூட்டக்கா. நாற்பத்திரண்டு வயதில் எலக்ட்ரீஷியன் படிப்பில் சேர்ந்தவள். ஒயரைத் தொடும் முன் சுவிட்சை அணைத்து, வேறு யாரும் போட்டுவிடாதபடி அதில் தன் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்த பிறகும் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பாள். ஒருவர் போட்ட பூட்டை இன்னொருவர் தொடக் கூடாது. கல்லூரியில் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது.

இன்று பயிற்சிப் பலகைக்குள் கைவிட்டு ஒயர்களை முறுக்கிக்கொண்டிருந்தாள். அவளோடு சேர்ந்து வேலை செய்த மாப்பிள்ளைக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெளியே கேட்டருகே அவன் மனைவி சாப்பாட்டு டப்பாவோடு காத்திருந்தாள்.

ஆசிரியரின் மேசையிலிருந்து மாற்றுச் சாவியை எடுத்தான். அவள் பூட்டைத் திறந்தான். சுவிட்சைப் போட்டான்.

அவள் மூக்குக்கு நேரே பல்பு எரிந்தது.

"எரியுது பாருங்க பூட்டக்கா. கிளம்பலாமா?"

அதற்குத்தான் அந்த அறை.

ஆசிரியர் ஓடி வந்தார். "அவன் செஞ்சதுக்கு அவனை நான் பாத்துக்கறேன். ஆனா அது வெறும் இருபத்திநாலு வோல்ட்டும்மா, எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது. அதுக்குப் போய் கை நீட்டலாமா?"

காரணத்தோடு மன்னிப்புக் கடிதம் எழுதித் தர வேண்டும் என்றார். இல்லையென்றால் நாளை மறுநாள் செய்முறைத் தேர்வு கிடையாது. இரண்டு வருடப் படிப்பு மண்ணாகிவிடும்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்துநான்காம். இங்கே இருபத்துநான்கில் பழகுகிற கைதானே நாளைக்கு வீட்டுக் கரண்டின் இருநூற்று முப்பதிலும் பழகும்?

ஜன்னல் வழியே கேட்டருகே நின்ற அந்தப் பெண் தெரிந்தாள். நிழல் தேடி இடம் மாறி நின்றுகொண்டு, உள்ளே பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், இவனுக்கு இன்னொன்று கொடுத்தால்தான் என்ன என்றிருந்தது.

தாளை இழுத்தாள். 'அடித்தது தப்பு, மன்னிக்கவும்' என்று ஒரே மூச்சில் கிறுக்கினாள். 'சாவியை மேசையில் போட்டு வைப்பதும் தப்பு' என்று அடுத்த வரி. பேனா தாளைக் கிழித்தது.

ஆசிரியர் எட்டிப் பார்த்தார். "காரணம் எங்கம்மா?"

பேனா நின்றது.

போலீஸ் கேட்டபோதும், மாமியார் கேட்டபோதும், வளர்ந்தபின் மகள் கேட்டபோதும் அவள் சொன்ன பதில் ஒன்றுதான்: எப்படி நடந்ததென்று தெரியவில்லை.

குனிந்து நான்கைந்து வரி எழுதினாள். எழுதிய தாளை ஆசிரியரிடம் தரவில்லை. மாப்பிள்ளையின் கையில் திணித்தாள்.

அவன் படித்தான்.

'ஒன்பது வருடத்துக்கு முன் என் கணவர் பின்னறையில் மின்விசிறி மாட்டிக்கொண்டிருந்தார். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் ஏணியில் ஏறியிருக்கிறார். அப்போதுதான் வெளியிலிருந்து வந்தவளுக்கு அது தெரியாது. கரண்ட் இல்லையே என்று மெயினைப் போட்டது நான்.'