இரண்டாம் நம்பர் ஜெர்சி

“கழட்டுடா அத!”

உடை மாற்றும் அறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக வெல்டர் கத்தினான். பல வருஷமாக அவனைத் தவிர வேறு யாரும் தொட்டுக்கூடப் பார்க்காத இரண்டாம் நம்பர் ஜெர்சி, அவன் தங்கை புருஷன் உடம்பில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளை நிமிர்ந்தான். “மச்சான், நேத்து போன்லயே எல்லாம் சொன்னேனே...”

“எவன்கிட்ட சொன்ன? வாய் கூசாம பொய் சொல்றியே!”

புது சீசனின் முதல் நாள். தச்சர், பஸ் டிரைவர், பல் டாக்டர் என்று வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, லீவு நாளில் ரக்பி ஆடி மேலெல்லாம் சேறு பூசிக்கொள்கிற கூட்டம் அது. சண்டை என்றால் விசிலடித்து வேடிக்கை பார்க்கிறவர்கள், இன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு ஆளுக்கொரு சாக்ஸைத் தேடினார்கள். எல்லாரும் கூட்டுக் களவாணிகள் என்று வெல்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சத்தம் கேட்டு கோச் உள்ளே வந்தார்.

“இந்த சீசன் நீ ஆட வேண்டாம்டா. உனக்குத் தலையில அடிபட்டிருக்குன்னு தகவல் வந்திருக்கு. டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் வெளிய உக்காரு.”

“யார் சொன்னது?”

“அத வெளிய சொல்றதில்லன்னு உனக்கே தெரியும்.”

தெரியும். தலையில் அடிபட்டதை மறைத்து ஒருவன் ஆடினால், அதை யார் வேண்டுமானாலும் கோச்சின் காதில் போடலாம். போட்டவர் பெயர் வெளியே வராது. கேப்டனாக இருந்தபோது இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததே வெல்டர்தான். அது வேறு அவன் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

போன சீசன் கடைசி ஆட்டத்தில் எதிராளி ஒருவனின் முழங்கால் அவன் நெற்றிப்பொட்டில் இடித்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு முட்டித் தள்ளுகிற முன்வரிசையில், பக்கத்தில் நின்ற மாப்பிள்ளைதான் அவன் விழாமல் தாங்கிப் பிடித்தான். “யார்கிட்டயும் மூச்சு விடாத மாப்ள” என்று அங்கேயே சத்தியம் வாங்கியாயிற்று. விஷயம் தெரிந்தது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான்.

அப்புறம் இதில் துப்புத் துலக்க என்ன இருக்கிறது?

“என் எடத்தப் புடிக்கத்தானே போட்டுக் கொடுத்த?” ஜெர்சியைக் கொத்தாகப் பிடித்து மாப்பிள்ளையைத் தூக்கி நிறுத்தினான். “சொல்லுடா. நீதானே?”

மாப்பிள்ளை கோச்சைப் பார்த்தான். கோச் சுவரைப் பார்த்தார்.

“ஆமா மச்சான். நான்தான் சொன்னேன்.”

அந்த நிதானம்தான் வெல்டரை வெறியேற்றியது. காலில் விழுந்து கெஞ்சியிருந்தால்கூட விட்டிருப்பான். பளாரென்று ஓர் அறை விட்டான். மாப்பிள்ளையின் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. தடுப்பதற்குக்கூட அவன் கையைத் தூக்கவில்லை.

“கூடப் பொறந்தவன் மாதிரி நெனச்சேனேடா உன்ன! இதோட முடிஞ்சுது. இனிமே என் வீட்டு வாசல்ல கால வைக்காத. உன் பொண்டாட்டியும் வரக் கூடாது. எனக்குத் தங்கச்சியே கெடையாதுன்னு நெனச்சுக்கறேன்!”

“என்னை என்ன வேணா சொல்லுங்க மச்சான். அவ என்ன பண்ணா, பாவம்?”

“எல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டைங்கதான்!”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெல்டர் கதவை எட்டி உதைத்தான். கோச் குறுக்கே வந்து நின்றார்.

“போதும்டா. என்னால இதுக்கு மேல பாக்க முடியல. அவன் பழிய ஏத்துக்கிட்டான், அவ்வளவுதான். எங்கிட்ட அவன் வாயே தொறக்கல.”

“அப்ப வேற எவன்? பேரச் சொல்லுங்க. இப்பவே போய் அவன் எலும்ப எண்ணிடறேன்!”

கோச் அவன் தோளில் கை வைத்தார்.

“போன வாரம் நீயேதான் வந்து சொல்லிட்டுப் போனடா.”