இறங்கு!

அந்த ஏரிக்கரையில் நிலப்படைக்கு யானை, நீர்ப்படைக்கு முதலை, வான்படைக்குப் பருந்து. மூன்றுக்கும் சேர்த்து ஒரு தலைமைத் தளபதி வேண்டுமென்று நினைத்த சிங்கராஜா, போயும் போயும் வாத்தை நியமித்தார்.

பருந்துக்கு வயிறு எரிந்தது. "பனைமர உயரம் பறக்கத் தெரியாது. நடையோ, கள் குடித்தவன் நடை. இதுக்கு நான் சலாம் போடணுமா?" என்று யானையிடம் பொருமியது.

"நிலம், நீர், வானம் மூணையும் பார்த்ததுப்பா அது," என்றது யானை.

"மூணிலும் அரைகுறை!"

வாத்து தினமும் பயிற்சி கொடுத்தது. எதிரியைத் தாக்க முதலைக்கு "ஏறு", யானைக்கு "முட்டு", பருந்துக்கு "இறங்கு". "ஒரு வேலைக்கு மூணு வார்த்தையா? ஒண்ணே போதாதா?" என்று பருந்து நக்கலடித்தது.

ஒரு நாள் காலையில் ஏழு செந்நாய்கள் ஏரியைப் பிடிக்க வந்தன. வாத்து வாய் திறக்குமுன், "படையே, இறங்கு!" என்று கத்திக்கொண்டே பருந்து பாய்ந்தது.

தரைக்கு வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தது. முதலை ஏரியின் அடிக்கே இறங்கிவிட்டது. குளிக்கத்தான் சொல்கிறார்களென்று யானையும் தண்ணீரில் இறங்கி, முதுகில் நீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. செந்நாய்கள் பருந்தின் வாலைக் கவ்வின.

வாத்து தண்ணீருக்குள் தலையை விட்டு, "முதலை, ஏறு!" என்றது. தலையைத் தூக்கி, "யானை, முட்டு!" என்றது. செந்நாய்கள் தலைதெறிக்க ஓடின.

பருந்து பிழைத்தது, வால் இறகு ஒன்றுகூட மிஞ்சவில்லை. கரையேறிப் போன வாத்தைப் பார்த்து, "நடையைப் பாரு, நடையை!" என்று முணுமுணுத்தது.

பிறகு, பறக்க முடியாமல், ஆடி ஆடி நடந்தே வீடு போய்ச் சேர்ந்தது.