விலையை ஏத்துங்க மேடம்!

"நூத்தி எண்பதா? மேடம், இது உங்க புத்தகத்துக்கு விலை இல்ல, அவமானம்!"

வந்தவர் உணர்ச்சிவசப்பட்டு நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார். உள்ளே நுழைந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. 'உங்க ரசிகன்' என்றுதான் அறிமுகப்படுத்திக்கொண்டார். தலைமை நர்ஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் எழுதியது கதையா, கவிதையா? 'செவிலியர் தேர்வு: ஆயிரம் கேள்விகள், ஆயிரம் பதில்கள்.' அதற்குப் போய் ஒரு ரசிகர்!

"அந்த மூத்திரப் பரிசோதனை அத்தியாயம் இருக்கே மேடம், படிச்சப்போ கண் கலங்கிருச்சு."

"அப்படியா? எழுதறப்போ எனக்கு மூக்கைப் பொத்திக்கணும்போலதான் இருந்துச்சு," என்றார் நர்ஸ்.

சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்த கணவர் எட்டிப் பார்த்தார். புத்தகத்துக்கு அட்டை செய்தது, இணையக் கடையில் ஏற்றியது, விலை போட்டது எல்லாம் அவர் கைங்கரியம். யாராவது கேட்டால் கடைக்காரர்களே ஒரு பிரதி அச்சடித்து அனுப்பிவிடுவார்கள். அச்சுக்கூலி தேற வேண்டுமென்பதால் நூறுக்குக் கீழே விலை வைக்க விடமாட்டார்கள். அவர் ஒன்றுக்கு நாலு முறை கணக்குப் போட்டுத்தான் நூற்று எண்பது வைத்தார்.

முதல் மாதம் எழுபது பிரதி போனது. அடுத்த மாதம் ஒன்பது. இந்த மாதம் இரண்டு, அதில் ஒன்றை வாங்கியது அவருடைய சொந்தத் தம்பி. "இப்படியே போனா புத்தகத்தைக் கடையிலேர்ந்து எடுத்துடலாம்" என்று காலையில்தான் மனைவியிடம் சொல்லியிருந்தார். முப்பது வருடம் வார்டில் கால் கடுக்க நின்று கற்றதையெல்லாம் கொட்டி எழுதிய புத்தகம். அதை எடுத்துவிடலாம் என்றதும் நர்ஸுக்கு அழுகையே வந்துவிட்டது.

"விலையை ஏத்தினா வாங்கற ரெண்டு பேரும் ஓடிடுவாங்க சார்," என்றார் கணவர், டீயை நீட்டியபடி.

"அங்கதான் சார் கோட்டை விடறீங்க! டாக்டர்கிட்ட போறோம். ஃபீஸ் கம்மியா வாங்கினா நம்பறோமா? இவருக்கு என்ன தெரியும்னு அடுத்த டாக்டரைத் தேடிப் போறோமா இல்லையா?"

"அது வாஸ்தவம்தான்," என்றார் நர்ஸ்.

கணவர் மனைவியை முறைத்தார். மனைவி அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"அச்சுப் புத்தகத்துக்கு அறுநூறு வைங்க மேடம்."

கணவர் கையிலிருந்த டீ தட்டில் தளும்பியது. "அறுநூறா! உள்ள கேள்வி பதில்தான் சார் இருக்கு, ஆஸ்பத்திரி இல்ல."

"மின்நூல் என்ன விலை?"

"அறுபது."

வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நர்ஸ் பழக்க தோஷத்தில் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார்.

"பயப்படாதீங்க, ஒண்ணுமில்ல. கொஞ்சம் வேகமா அடிக்குது, அவ்வளவுதான்."

"அடிக்காம என்ன செய்யும் மேடம்? அறுபதுக்குப் போன்லயே கிடைச்சா எந்தப் பொண்ணு அச்சுப் புத்தகம் வாங்கும்? அதை நானூறு ஆக்குங்க. ரெண்டையும் இப்பவே மாத்துங்க. நல்ல காரியத்தைத் தள்ளிப் போடக் கூடாது."

கணவர் தொண்டையைக் கனைத்தார். பலனில்லை. டீத்தூள் டப்பாவைக் காணோம் என்று பொய் சொல்லி மனைவியைச் சமையலறைக்குள் இழுத்தார்.

"உனக்கென்ன பைத்தியமா? அந்த ஆளு நம்ம தலையில மிளகாய் அரைக்கிறான்."

"என் புத்தகத்துக்கு அறுநூறு கொடுக்கலாம்னு ஒருத்தர் வாய் நிறைய சொல்றாரு. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நீங்க ஒரு தடவை சொல்லியிருக்கீங்களா?"

கணவர் டீத்தூள் டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டு மனைவியின் பின்னாலேயே வந்தார்.

நர்ஸ் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். நூற்று எண்பதை அழித்து அறுநூறு என்று அடித்தார். அறுபதை அழித்து நானூறு என்று அடித்தார். வந்தவர் அவர் தோளுக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு பூஜ்யம் விழும்போதும் தலையை ஆட்டினார். அப்புறமும் அவர் கிளம்பவில்லை. தன் போனில் இணையக் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, புது விலை கண்ணில் தெரியும்வரை இன்னொரு டீயும் குடித்தார்.

"வந்துருச்சு மேடம்! இனிமே பாருங்க, நம்ம புத்தகம் எங்கேயோ போகப் போகுது!"

கும்பிட்ட கையை இறக்காமலே வாசலைத் தாண்டினார். கேட்டைச் சாத்துவதற்காகக் கணவர் அவர் பின்னாலேயே கீழே போனார். போன வேகத்தில், இரண்டிரண்டு படியாகத் தாவி மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"போச்சு! எல்லாம் போச்சு! அவன் ரசிகனும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. நர்ஸிங் காலேஜுக்கு எதிர்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கிறவன். நம்ம புத்தகத்தைத் திருட்டுத்தனமா நகலெடுத்து விக்கிறதே அவன்தான்! 'அசலோட விலை அறுநூறு ஆயிருச்சு, இனிமே எல்லாரும் நம்மகிட்டதான் வந்தாகணும், உடனே ஐநூறு பிரதி போடு'ன்னு கேட் பக்கத்துல நின்னு கடைப் பையன்கிட்ட போன்ல கத்தறான்!"

"ஐநூறா? நான் இருநூறுதான் எதிர்பார்த்தேன்," என்று டீயை உறிஞ்சினார் நர்ஸ். "போன வாரம் மாஸ்க் போட்டுக்கிட்டு அவர் கடையில நானே ஒரு பிரதி வாங்கினேன். பிரதிக்கு அடக்க விலையே நூத்தி முப்பது ஆகுதுன்னு ஒரே புலம்பல். பாவம், ஐநூறையும் அடிச்சு, தைச்சு, அடுக்கி முடிக்கட்டும்ங்க... அன்னைக்குச் சாயங்காலமே நம்ம விலையை நூத்தியிருபதுக்கு இறக்கிடலாம்."