சிறந்த உடைக்கான பரிசு

கம்பெனியின் ஆண்டு விருந்துக்குத் ‘தொண்ணூறுகளின் இளசுகள்’ என்று தீம் வைத்தது வைதேகிதான். அவள் பிறந்தது தொண்ணூற்றேழில். ஆனால் மனிதவளப் பிரிவில் இருப்பவர்களுக்கு எல்லாக் காலமும் அத்துப்படி.

சிங்கப்பூரின் செம்பவாங்கில் கப்பல் உதிரிபாகம் விற்கும் கம்பெனி அது. மூன்று பக்க மின்னஞ்சல் போனது. தொளதொள பேகி பேண்ட், இடுப்புக்கு மேல் ஏறிய ஜீன்ஸ், ரெண்டு சைஸ் பெரிய சட்டை, நடு வகிடு, திருப்பிப் போட்ட தொப்பி. ‘அன்றைய இளைஞர்களின் எளிமையைக் கொண்டாடுவோம்’ என்று முடித்திருந்தாள்.

எளிமையாக இருப்பதற்காக ஆளாளுக்கு இரண்டு வாரம் இணையத்தில் தேடி, சீனாவிலிருந்து பார்சல் வரவழைத்தார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஹோட்டல் மண்டபத்தில் பார்த்தால், எல்லாரும் ஒரே பார்சலைப் பிரித்த மாதிரி இருந்தார்கள். விற்பனைப் பிரிவு ஜெய்தான் நிகழ்ச்சி நடத்துபவன். இடுப்பில் பிளாஸ்டிக் பேஜர் செருகியிருந்தான். அது எதற்குப் பயன்பட்டது என்று யாரோ கேட்டதற்கு, “ஸ்டைலுக்கு லா” என்றான்.

ஏழு மணிக்கு ஸ்டோர் பிரிவு ஒலி முகம்மது மனைவியோடு வாசலில் வந்து நின்றார்.

முன்பக்கம் நாலு மடிப்பு வைத்த பழுப்பு பேகி பேண்ட். தோள் இறங்கித் தொங்கும் ஊதாச் சட்டை. உள்ளங்கை அகலத்துக்குப் பூப்போட்ட டை. வெள்ளை ஷூ. கிட்டப் போனால் அந்துருண்டை வாசம்கூட வந்தது.

மண்டபமே எழுந்து சிரித்துக் கைதட்டியது.

ஒலி முகம்மது கூட்டத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். மனைவியின் காதில் ஏதோ சொன்னார். பிறகு உள்ளே வந்தார்.

வைதேகிக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். எத்தனை தடவை கூப்பிட்டாலும் விருந்துப் பக்கமே வராதவர், இந்த வருடம் வந்து ஒரே நிமிடத்தில் எல்லாரையும் தோற்கடித்துவிட்டார். இந்த பாய்க்குள் இவ்வளவு குறும்பா என்று நினைத்துக்கொண்டாள்.

சின்னப் பையன்களும் பெண்களும் வரிசையில் நின்று அவரோடு படம் எடுத்துக்கொண்டார்கள். டையை இழுத்துப் பார்த்தார்கள். பேண்ட் பாக்கெட்டில் கைவிட்டு நிற்கச் சொன்னார்கள், நின்றார். கொஞ்சம் சாய்ந்து நிற்கச் சொன்னார்கள், சாய்ந்தார்.

உடைப் போட்டி என்று தனியாக ஒன்று நடத்தவே தேவைப்படவில்லை. ஜெய் ஆங்கிலத்தில் அவர் பெயரை முழங்கி மேடைக்கு அழைத்தான். பாட்டுப் போட்டு இப்படியும் அப்படியும் நடக்கவிட்டான். ஒரு சுற்று சுற்றச் சொன்னான். கோப்பையைக் கொடுத்துவிட்டு மைக்கை நீட்டினான்.

ஒலி முகம்மது தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், இந்தக் கம்பெனிக்கு வந்து முப்பது வருஷம் ஆகிறது, நன்றி, என் மனைவிக்கும் நன்றி என்றார்.

அதுவும் நடிப்பென்று கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். வேஷத்தை விடவே மாட்டேன் என்கிறார் பாருங்கள் என்று ஜெய் மைக்கிலேயே மெச்சிக்கொண்டான். எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியது அவர் மனைவி சாயிரா பானு.

கம்பெனி இதழுக்குப் படத்தோடு நாலு வரி போட வேண்டும். வைதேகி அவர்கள் மேசைக்குப் போனாள். சாயிரா பானு கோப்பையை மடியில் வைத்து, துப்பட்டா நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். இந்த உடுப்பை எந்தக் கடையில் வாடகைக்கு எடுத்தீர்கள், கடைக்கும் நன்றி போட வேண்டும் என்று வைதேகி கேட்டாள்.

“வாடகையா? இது அவரோடதும்மா. எங்க நிக்காஹ் விருந்துக்கு தேக்கா கடைத்தெருவுல எடுத்தது, தொண்ணூத்தி மூணுல. பெரிய விசேஷம்னாதான் பெட்டியிலேர்ந்து வெளிய எடுப்பாரு.”

வைதேகிக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. ஸ்டோரில் யாருக்கும் கம்பெனி மின்னஞ்சல் கிடையாது. தீம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. அவருக்குப் போனது ஜனவரியில் ஒரே ஒரு காகிதக் கடிதம். முப்பது வருட சேவைக்காக ஆண்டு விருந்தில் உங்களை மேடையேற்றி கௌரவிக்கிறோம், மனைவியுடன் வரவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் அவளே.

அந்தப் பகுதியை வியாழக்கிழமை நிரலிலிருந்து அடித்தவளும் அவளே. உடைப் போட்டிக்கு நேரம் போதவில்லை. சான்றிதழைத் திங்கட்கிழமை மேசையில் வைத்துவிடலாம் என்று ஒரு வரியில் முடித்திருந்தாள். அந்த வரியும் மின்னஞ்சலில்தான் போனது.

மனிதவளப் பிரிவினர் அபூர்வமாகச் செய்யும் ஒரு காரியத்துக்கு வைதேகி தயாரானாள்.

“பாய், உங்ககிட்ட ஒரு விஷயம்...”

ஒலி முகம்மது சட்டென்று எழுந்தார். வாங்க, கோப்பி எடுத்துக்கலாம் என்று அவளை மண்டபத்தின் மறு மூலைக்கு அழைத்துப் போனார். அங்கே வைதேகி எல்லாவற்றையும் சொன்னாள். உங்கள் இருவரிடமும் மன்னிப்புக் கேட்காமல் எனக்குத் தூக்கம் வராது, இப்போதே மேசைக்கு வந்து கேட்கிறேன் என்றாள்.

“வாசல்ல நின்னப்பவே எனக்குப் புரிஞ்சிருச்சு மேடம்” என்றார் அவர். “ஏன் எல்லாரும் சிரிக்கிறாங்கன்னு சாயிரா கேட்டா. என்னைப் பாத்த சந்தோஷத்துல சிரிக்கிறாங்கன்னு சொன்னேன்.”

வைதேகி மேசைப் பக்கம் திரும்பினாள்.

அவர் கோப்பியை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்:

“மன்னிப்புக் கேக்கறதா இருந்தா இங்கிலீஷ்லயே கேளுங்க மேடம், அவளுக்குப் புரியாது. அந்தக் கோப்பை முப்பது வருஷ உழைப்புக்குக் குடுத்ததுன்னு சொல்லி வச்சிருக்கேன்.”