தையல்காரர் கால்

“ஏம்ப்பா, அந்தக் காலைக் கொஞ்ச நேரம் சும்மா வைக்கமாட்டியா?”

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் காலையிலிருந்து இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். தையல்காரர் “சரிங்க சார்” என்றார். கால் மட்டும் நிற்கவில்லை.

கடலுக்கடியில் பூமி குலுங்கி, அலை ஏறிவந்து, கீழே இருந்த தெருக்களை வழித்துக்கொண்டு போனது போன வாரம். பின்னதிர்வுகள் இன்னும் விட்டபாடில்லை. மேட்டிலிருந்த மாணவர் விடுதிதான் இப்போது முகாம். இரும்புக் கட்டில்கள் நகராமலிருக்க, வரிசையாகச் சேர்த்துக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். ஒருவர் காலாட்டினால் வரிசையே ஆடும்.

“நெஜமாவே ஆடுதா, இவர் ஆட்டுறாரான்னு தெரியாம உசிரு போய் உசிரு வருது” என்றாள் பக்கத்துக் கட்டில்காரி.

“மிஷின் மிதிச்ச காலுல்ல, அது பாட்டுக்கு ஓடுது. கடல் மிஷினைக் கொண்டுபோயிடுச்சு, காலை விட்டுட்டுது” என்றார் சலூன்காரர். யாரோ சிரித்தார்கள்.

“பொண்டாட்டியையும்தான் கொண்டுபோச்சு. இன்னும் உடம்புகூடக் கிடைக்கலை. இவன் என்னடான்னா பெத்த பொண்ணைப் பக்கத்துல போட்டுக்கிட்டு, சாவகாசமா காலாட்டுறான்” என்றார் தலைமையாசிரியர்.

இலக்கணத்தில் மட்டுமல்ல, துக்கத்திலும் பிழை பொறுக்காதவர் அவர். நேராகப் போய் முகாம் நர்ஸைக் கூட்டிவந்தார்.

“அண்ணே, நீங்க வராந்தாவுல படுத்துக்கங்க. பாப்பாவை நான் பார்த்துக்கறேன்.”

“வேண்டாம் சிஸ்டர். நான் இல்லேன்னா இவ தூங்கமாட்டா.”

“அப்ப காலை நிறுத்துங்க.”

தையல்காரர் மகளைப் பார்த்தார். கண்ணை மூடியிருந்தாள். அவர் காலை மடித்து உட்கார்ந்துகொண்டார். கட்டில்கள் அடங்கின.

சற்று நேரத்தில் மறுபடி ஆடியது.

ஜன்னல் கண்ணாடிகள் கடகடத்தன. பாதிப் பேர் எழுந்து வாசலைப் பார்த்து நகர்ந்தார்கள். பாப்பா விருட்டென்று விழித்தாள். உதடு கோணியது.

“அப்பா, நீங்கதானே?”

“நான்தாம்மா. அப்பாதான் காலாட்டுறேன். நீ தூங்கு.”

மடித்த கால் மடித்தபடியே இருந்தது. தலைமையாசிரியர் அதைப் பார்த்தார். வாசலுக்குக் கிளம்பியவர்களும் பார்த்தார்கள். அப்படியே நின்றுவிட்டார்கள்.

ஆட்டம் ஓய்ந்தது. பாப்பா தூங்கவில்லை. எதையோ யோசித்துக்கொண்டு கிடந்தாள்.

“அப்பா, அன்னைக்குக் கடல் வர்றதுக்கு முன்னாடி நம்ம வீடு ஆடுச்சே, அதுவும் நீங்கதானா?”

‘இல்லை’ என்று சொல்லிவிடலாம். அப்புறம் ஆடுவது பூமி என்று ஆகிவிடும். அவள் கண்ணை மூடமாட்டாள்.

“ஆமாம்மா” என்றார் தையல்காரர். “நான்தான்.”

பாப்பா அவர் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டாள். அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் தூங்கியும் போனாள்.