நான்கு பாட்டரிகள்

பாய்மரப் படகிலேயே குடியிருந்த ரெஜினாளின் இன்சுலின், மீன்பிடி வள்ளக்காரர்கள் தந்த ஐஸில் இரண்டு நாளாகக் கிடந்தது. குளிர்பெட்டியை ஓட்டிய படகின் பாட்டரிகள் செத்துப்போய்விட்டன. இன்றைக்குள் சரியாகாவிட்டால் கொழும்புப் பயணத்தைக் கைவிட்டு, படகை விற்றுவிட்டுக் கரையேறுவதென்று அவளும் கணவர் மெல்கியாசும் பேசி முடித்திருந்தார்கள்.

தூத்துக்குடியிலிருந்து வள்ளத்தில் வந்த நான்கு புதிய பாட்டரிகளையும் மெல்கியாஸ் ஒற்றை ஆளாகத் தூக்கி, படுக்கைக்கு அடியில் இறக்கினார். கடைசி ஒயரையும் முடுக்கிவிட்டு சுவிட்சில் விரலை வைத்தார்.

"போடட்டுமா?"

"போடுங்க. மாதாவே!"

சுவிட்சைத் தட்டியதும் குளிர்பெட்டி உறுமத் தொடங்கியது. மெல்கியாஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மருந்தை உள்ளே வைத்து மூடிய ரெஜினாள், பெட்டியின்மேல் கன்னத்தைச் சாய்த்து அந்த அதிர்வைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு நிமிர்ந்து, "கொழும்புக்குக் காத்து நல்லாத்தான் அடிக்கி," என்றாள். "எப்பக் கெளம்புதோம்?"