உமர் பாயின் நெகட்டிவ் பெட்டி

“ரெண்டரை அடி உசரம். அதுக்கு மேல ஒரு நூல்கூட ஏறக் கூடாது, மருதப்பா.”

மருதப்பன் அளவு நாடாவைச் சுருட்டியபடி உமர் பாயை ஏற இறங்கப் பார்த்தார். புக்கிட் பாருவில் இரும்புப் பெட்டி, அலமாரி செய்கிறவர் அவர். பெட்டி கேட்கிறவர்கள் எல்லாரும் பெரிதாகத்தான் கேட்பார்கள். இந்த மனுசர் என்னடாவென்றால் பெட்டியை வளரவே விடமாட்டேன் என்கிறார்.

“பாய், கோவிச்சுக்காதீங்க. எத்தனை வருசத்துக்குத் தாங்கணும்னு கேட்டேன், பத்துன்னீங்க. ரெண்டரை அடியில அஞ்சு டிராயர்தான் உக்காரும். அப்புறம் வர்றதை எங்க வைப்பீங்க?”

“அகலத்தைக் கூட்டு.”

“படங்களைப் படுக்கப் போட்டு அடுக்கினா இன்னும் கொஞ்சம் கொள்ளும்.”

“படுக்கப் போட்டா இந்தச் சூட்டுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்யா. உறையில போட்டு நிக்க வைக்கணும்.”

காஜா பேராங் தெருவில் உமர் பாயின் போட்டோ ஸ்டூடியோவைத் தெரியாதவர் கிடையாது. போன மாதம் டவுனில் வேறொரு ஸ்டூடியோ தீப்பிடித்து எரிந்தது. ஒரு நெகட்டிவ் மிஞ்சவில்லை. செத்துப்போன புருசனின் படத்தை இன்னொரு பிரதி எடுக்க வந்த ஒரு பெண், அந்தச் சாம்பலுக்கு முன்னால் உட்கார்ந்து அழுததை உமர் பாய் கண்ணால் பார்த்துவிட்டார். அன்று முதல் மனுசருக்குச் சோறு இறங்கவில்லை. எல்லா நெகட்டிவுக்கும் ஒரு நகல் எடுத்து, இரும்புப் பெட்டியில் பூட்டி, ஸ்டூடியோவுக்கு வெளியே வேறொரு இடத்தில் வைக்கப்போகிறார். ஒன்று எரிந்தாலும் இன்னொன்று இருக்கும் அல்லவா?

“இன்னிக்கு இருக்கிற கணக்கை வச்சுப் பேசாதீங்க பாய். அடுத்த மாசம் மெர்டேக்கா. பிரஜா உரிமைக்குப் படம் எடுக்க இப்பவே வாசல்ல வரிசை நிக்குது. சுதந்திரம் வந்துட்டா இன்னும் என்னென்ன காகிதத்துக்குப் படம் கேப்பானோ. கூடுமே தவிர குறையாது. மூணடியா செஞ்சிடுவோம்.”

ஸ்டூடியோ திரைக்குப் பின்னாலிருந்து உமர் பாயின் மனைவி ஜமீலா எட்டிப் பார்த்தாள்.

“அண்ணே, உங்க கணக்குல பாதிதான் வந்திருக்கு. பொம்பளைங்க படம் பூரா என்கிட்ட தனியா இருக்கு. அதையும் சேத்துக்குங்க. அந்த டிராயருக்குத் தனிப் பூட்டு, சாவி என்கிட்ட மட்டும்தான்.”

ஊர் முஸ்லிம் பெண்களை அந்தத் திரைக்குள் வைத்து ஜமீலாதான் படம் எடுப்பாள், அவளே கழுவி, அவளே கையில் கொடுப்பாள். அவளை நம்பித்தான் வீட்டு ஆண்கள் அனுப்புகிறார்கள். ஒரே ஒரு முகம் கண்டவன் கையில் சிக்கினாலும் ஸ்டூடியோவை இழுத்து மூட வேண்டியதுதான்.

“இவ்வளவு விசயம் இருக்கிற பெட்டியை எங்க வைக்கப் போறீங்க? கிளேபாங்ல உங்க மச்சான் வீடு இருக்கே?” என்றார் மருதப்பன்.

“எங்க அண்ணனா? பூட்டை உடைச்சாவது வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் படம் காட்டுவாரு” என்று சிரித்தாள் ஜமீலா.

“போதாததுக்குக் கடல் காத்து வேற. ஆறு மாசத்துல பூஞ்சை பிடிச்சிடும்” என்றார் உமர் பாய்.

“அப்போ பேங்க்?”

“பேங்க்காரனுக்கு நெகட்டிவைப் பத்தி என்ன தெரியும்? ஈரச் சுவத்துல ஒட்டி வைப்பான்.”

“என்னமோ செய்ங்க. எதிர்க்கடை விநாயகம் கண்ணுல மட்டும் பட்டுடாமப் பாத்துக்குங்க. உங்க கஸ்டமர் மொத்தமும் அதுக்குள்ள. அவர் கையில கிடைச்சா பாதி விலைக்குப் பிரிண்ட் போட்டு, உங்களைத் தெருவுல நிறுத்திடுவாரு.”

உமர் பாய்க்கு முகம் சிவந்துவிட்டது.

“அந்த ஆள் பேரை என் கடையில எடுக்காதே! அவன் படம் எடுத்தா மாப்பிள்ளைக்குத் தலை இருக்காது, பொண்ணுக்குக் கால் இருக்காது. அவனும் ஒரு போட்டோக்காரன்னு எதிர்ல கடை போட்டு உக்காந்திருக்கான் பாரு!”

உமர் பாயும் விநாயகமும் பேசிக்கொண்டதை அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. மருதப்பன் நாடாவைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்துப் பெட்டி லோரியில் வந்து இறங்கியது. பச்சைப் பெயின்ட், அழுத்தமான கதவு. உமர் பாய் ஓடி வந்து நாடாவைப் பிடித்தார். உயரம் மூன்று அங்குலம் கூடுதல்.

“அடப்பாவி! என்னய்யா பண்ணி வச்சிருக்கே?”

“மனசு கேக்கல பாய். உங்களுக்குப் பத்தாமப் போயிடக் கூடாதேன்னு டிராயரைக் கொஞ்சம் ஒசத்தினேன். அதுக்குக் காசு வேண்டாம்.”

“காசு யாருய்யா கேட்டா? இப்ப இது எப்படி உள்ள போகும்?”

“எதுக்கு உள்ள? இடத்தைக் காட்டுங்க, நானே தள்ளி வச்சிட்டுப் போறேன்.”

உமர் பாய் தலையில் கை வைத்துப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். ஜமீலா உதட்டைக் கடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள்.

எதிர்க்கடையிலிருந்து விநாயகம் விறுவிறுவென்று வந்துகொண்டிருந்தார். போச்சு, வசமாக மாட்டிக்கொண்டோம் என்று மருதப்பன் பெட்டியை மறைத்து நின்றார். விநாயகம் அவரை ஒதுக்கிவிட்டு, குனிந்து சாணால் பெட்டியின் உயரத்தை அளந்தார். பிறகு தெருவில் யாருக்கும் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

“ஏன் பாய், என் மாடிப்படிக்குக் கீழ ரெண்டரை அடிதான் இருக்குன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே! உங்க கட்டிலுக்கு அடியில வைக்கச் சொல்லி நான் கொடுத்த என் நெகட்டிவ் பெட்டி ஒரு நூலாவது கூடுதலா இருந்துச்சா?”